ஜிம் பாட்டும் என் இடது காதும்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் ஜிம் தேடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில இருக்கின்றன. மெஷின்கள் புதிதா, ஏசி ஒழுங்காக வேலை செய்யுமா, வாகனம் நிறுத்த இடம் உண்டா, வருடத்துக்குக் கட்டினால் எவ்வளவு குறைப்பார்கள். பாட்டை எவ்வளவு சத்தமாகப் போடுவார்கள் என்று கேட்ட ஒருவரையும் நான் இதுவரை காணவில்லை. என் இடது காதுக்குள் இப்போது ஒரு மெல்லிய இரைச்சல் இருக்கிறது. பழைய ரியூப் லைட் எரியும்போது வருமே, அந்த மாதிரி. பகலில் பெரிதாகத் தெரியாது, இரவில் தலையணையில் தலை வைத்தால் தெரியும். ஜிம்முக்குக் கட்டிய காசில் பெரும்பங்கும், காதுக்குச் செலவழித்த காசும், பல வாரத்து நித்திரையும் போன பிறகு இதை எழுதுகிறேன். இன்னொருவர் காசு கட்ட முதல் இதை வாசித்தால் நல்லது.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கொள்ளுப்பிட்டியில் கணக்கு வேலை, நாள் முழுக்கக் கதிரை. சீனி எல்லையில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள் என்று குடும்ப டொக்டர் சொன்னதால் ஜிம் தேடினேன். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருந்தது அது. இடத்தைச் சுற்றிக் காட்டியது ஒரு சனிக்கிழமை மத்தியானம். உள்ளே இரண்டு பேர்தான் இருந்தார்கள், பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடிக்கு வெளியே கடல். மாதத்துக்கு 9,500 ரூபாய், வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டினால் 78,000, அதுவும் இந்தக் கிழமை மட்டும் என்றாள் வரவேற்பில் இருந்த பிள்ளை. மாதக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இலாபம். கட்டினேன். எந்த ஜிம்மும் தன்னுடைய வெறும் நேரத்தில்தான் உங்களைச் சுற்றிக் காட்டும். நீங்கள் எந்த நேரத்துக்குப் போகப்போகிறீர்களோ அந்த நேரத்தில் ஒருமுறை போய், ஓடும் மெஷினுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வேலை முடிந்து போகிறவர் என்றால் அது பின்னேரம் ஆறரை மணி. அந்த ஆறரை மணி வேறொரு ஜிம்.

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கதை அரைகுறை. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது, அதனால்தான் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தேன். விடிய ஐந்தரைக்கு வருகிறவர்கள் ஓய்வுபெற்ற ஐயாமார், காலி வீதிக் கடை முதலாளிமார், சைக்கிள் மெஷினில் ஏறி இருந்துகொண்டு டொலர் விலையும் யாருடைய மகளுக்கு எங்கே கல்யாணம் என்பதும் கதைப்பார்கள். அவர்களுக்குப் பழைய ஹிந்திப் பாட்டும் பழைய சிங்களப் பாட்டும் மெல்லப் போகும். ஒருவரும் வியர்த்து நான் பார்த்ததில்லை. ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் அம்மாமார். பின்னேரம் அலுவலகக் கூட்டமும் வளாகத்துப் பெடியளும். மூன்று மொழியும் ஒன்றாக ஓடும் இடம் அது. பார்பெல்லைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு தவிப்பவனுக்கு "மல்லி, தவ எகய்", "தம்பி விடாத", "கமோன் ப்ரோ" என்று மூன்று பக்கத்திலிருந்தும் குரல் வரும். அவன் எந்த மொழிக்காரன் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. அரசியல் கதைக்கும்போதும் இப்படி இருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்திருக்கிறேன், சரி, அது வேறு கதை.

பாட்டு யாருடைய போனில் இருந்து வருகிறது என்பதுதான் அங்கே அதிகாரம். ப்ளூடூத்தைப் பிடித்தவன் ராசா. தமிழ்ப் பெடியன் டியூட்டி என்றால் குத்துப்பாட்டு, மற்றவன் வந்தால் சிங்கள ரீமிக்ஸ், வெள்ளிக்கிழமை பின்னேரம் பைலா. பைலாவுக்கு ட்ரெட்மில்லில் ஓடிப் பாருங்கள். அந்த 6/8 தாளத்துக்கு இடுப்பு ஆடும், கால் தடுமாறும். பாட்டை மாற்றச் சொல்லிச் சின்னச் சின்னச் சண்டைகள் நடக்கும், முறைப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். ஆனால் எந்தப் பாட்டு என்பதற்குத்தான் சண்டை. சத்தத்தின் அளவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒவ்வொருவனும் தன் பாட்டு வரும்போது கொஞ்சம் கூட்டுவான், அடுத்தவன் அதிலிருந்து தொடங்குவான். குறைக்கிற ஆள் என்று ஒருவர் இல்லை.

சேர்ந்து சில மாதத்தில் நிர்வாகம் சும்பா என்ற நடன உடற்பயிற்சி வகுப்புத் தொடங்கியது. அதற்கென்று இரண்டு பெரிய ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வந்தன. வகுப்புக்குத் தனி அறை இல்லை, கண்ணாடித் தடுப்புத்தான். வகுப்பு இல்லாத நேரத்திலும் அதே ஸ்பீக்கரில்தான் பாட்டு. ஒன்று நான் வழக்கமாக ஓடும் ட்ரெட்மில்லுக்கு இடப்பக்கம், தலைக்கு மேலே. மற்ற ட்ரெட்மில்கள் சுவரைப் பார்த்திருக்கும், இது கடலைப் பார்த்திருக்கும், அதனால் அதை விட்டுவிட மனமில்லை. மூன்று பக்கம் கண்ணாடி, கீழே டைல்ஸ், மேலே கொங்கிறீட். சத்தம் போக வழியில்லாமல் திரும்பத் திரும்ப அடிக்கும். அதற்கு நடுவே டெட்லிஃப்ட் அடிப்பவர்கள் பாரை நிலத்தில் போடும் இடி.

முதலில் வந்தது இரைச்சல் இல்லை, மந்தம். ஜிம்மை விட்டுக் கீழே இறங்கும்போது பஞ்சு அடைத்தது போல இருக்கும், காலி வீதி பஸ் ஹோர்ன்கூடத் தூரத்தில் கேட்கும். விடிந்தால் சரியாகிவிடும். வியர்வை, ஏசிக் குளிர், ஏதோ ஒன்று என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அது. யாரைக் கேட்டாலும் "எங்களுக்கும் அப்படித்தான்" என்பார்கள். இதில்தான் எச்சரிக்கை இருக்கிறது. உள்காதில் சத்தத்தை உணர்கிற நுண்ணிய முடிக் கலங்கள் இருக்கின்றன. அளவுக்கு மேல் சத்தம் பட்டால் அவை களைத்துப்போகும், ஓய்வு கொடுத்தால் தேறும். திரும்பத் திரும்பக் களைக்க வைத்தால் ஒரு கட்டத்தில் செத்துவிடும். தோல் வளர்வது போல மனிதருக்கு அவை திரும்ப வளர்வதில்லை. ஜிம்மால் வந்து காது மந்தமாக இருந்தால், அல்லது இரைந்தால், அன்றைக்கு அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் சரியானாலும் கணக்கில் சேரும்.

அப்புறம் ஒருநாள் விடிந்தும் சரியாகவில்லை. மந்தம் போய்விட்டது, இரைச்சல் மட்டும் போகாமல் தங்கிவிட்டது. அந்த இரவுகளைப் பற்றி என்ன சொல்ல. மின்விசிறியை நிற்பாட்டிப் பார்ப்பேன், ஃபிரிட்ஜைக் கழற்றிப் பார்ப்பேன், பிறகுதான் சத்தம் வீட்டில் இல்லை, என் தலைக்குள் இருக்கிறது என்று உறைக்கும். மனைவி பக்கத்தில் நிம்மதியாக நித்திரை. அவளுக்குச் சொல்லவும் ஒரு மாதிரி, மூளையில் ஏதோ கட்டி என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். இணையத்தில் தேடினால் அதைத்தான் முதலில் காட்டுகிறது. வேலையில் ஒரே கூட்டலை மூன்று தரம் போடுவேன். கோபம் யார்மீது என்று தெரியாமல் பிள்ளைகள்மீது போகும்.

காதுக்குள் குடும்பி, அதாவது காது அழுக்கு, இருக்கலாம் என்று பார்மஸியில் சொட்டுமருந்து தந்தார்கள், பயனில்லை. அத்தை ஒருவர் வெளிநாட்டிலிருந்து கிங்கோ என்ற மூலிகை மாத்திரை கொண்டுவந்து தந்து 6,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். பிறகுதான் காது மூக்குத் தொண்டை டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணினேன். டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்குமாக 3,800 ரூபாய், ஓடியோகிராமுக்கு 4,500. சத்தம் புகாத சின்ன அறையில் இருத்தி, காதில் ஹெட்போன் மாட்டி, தடித்த சத்தமான 250 ஹேர்ட்ஸிலிருந்து கீச்சுச் சத்தமான 8000 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொரு சத்தமாகப் போடுவார்கள், கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதின் கோடு நேராக வந்தது. இடது காதின் கோடு 4000 ஹேர்ட்ஸில் கிணற்றுக்குள் இறங்கி 8000இல் திரும்ப ஏறியிருந்தது. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்யிறீங்கள்? ஃபேக்டரியா, ஜெனரேட்டர் பக்கமா?" என்று கேட்டார். சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பள்ளம் விழுத்துமாம். கணக்காளர் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஜிம்முக்குப் போறனீங்களோ?" என்றார். இந்தக் கேள்வியை அவர் என்னிடம் மட்டும் கேட்கவில்லை என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

இரைச்சலை இல்லாமல் செய்ய மாத்திரை கிடையாது, கிங்கோவை நிற்பாட்டுங்கள், காசு மிச்சம் என்றார். மூளை பழகிக்கொள்ளும், முழு அமைதியில் படுக்காமல் விசிறிச் சத்தமோ மழைச் சத்தமோ மெல்ல ஓடவிடுங்கள், உரத்த சத்தத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு காது திடீரென்று, ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ கேட்காமல் போனால் அதற்கு ஸ்டீரொய்ட் மருந்து உண்டு, அதுவும் உடனே தொடங்கினால்தான் பலன், இரண்டு கிழமை கடந்தால் பலன் குறைந்துகொண்டே போகும். ஆகவே காது திடீரென்று அடைத்தால் சொட்டுமருந்தோடு வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே ஓடுங்கள். காசு பிரச்சினை என்றால் அரச வைத்தியசாலைகளின் காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் இலவசம், வரிசைதான் நீளம்.

இதற்குப் பிறகு நான் சத்தத்தை அளக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் ஐபோனுக்கு இலவசமாக ஒரு செயலி வைத்திருக்கிறது. அண்ட்ரொயிட் போனுக்கும் வேறு செயலிகள் உண்டு, அவை கொஞ்சம் முன்பின் காட்டும், இருந்தாலும் நிலவரம் தெரியும். சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல், அதே நியோஷின் கணக்குப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணித்தியாலம், 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணித்தியாலம், 100க்குக் கால் மணித்தியாலம். என் ட்ரெட்மில்லில் சாதாரணப் பின்னேரம் 94, 95. சும்பா நடந்தால் 99, 100. ஒன்றரை மணித்தியாலம் அங்கே நிற்பேன், கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் கிளப், கச்சேரி போன்ற இடங்களுக்குச் சொன்ன உச்ச அளவே கால் மணித்தியாலச் சராசரியாக 100 டெசிபல்தான். மரைன் டிரைவில் நடக்கும்போது கரையோர ரயில் காதைப் பிளந்துகொண்டு போகும், ஆனால் அது அரை நிமிடம். சத்தத்தின் அளவும் நேரமும் சேர்ந்துதான் காதைக் கெடுக்கிறது. செயலி இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவருடன் கத்திக் கதைக்க வேண்டியிருந்தால் அந்த இடம் 85ஐத் தாண்டிவிட்டது. இன்னொன்று, ஜிம் பாட்டுப் பிடிக்காமல் இயர்போனில் தங்கள் பாட்டைக் கேட்கும் பெடியள் ஏராளம். வெளிச் சத்தத்தை அமுக்க உள்ளே அதைவிடக் கூட்ட வேண்டும். அவர்களின் நிலைமை என்னுடையதைவிட மோசம்.

பாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேகமான பாட்டு களைப்பை மறக்க வைக்கும் என்பது உண்மை. இங்கிலாந்தில் புரூனல் பல்கலைக்கழகத்தின் கொஸ்டாஸ் கராயொர்கிஸ் என்ற பேராசிரியர் பல வருடமாக இதைத்தான் ஆராய்கிறார், நிமிடத்துக்கு 120 முதல் 140 வரை அடி விழும் பாட்டு உடற்பயிற்சிக்குப் பொருந்தும் என்பது அவரைப் போன்றவர்களின் ஆய்வுகளில் வரும் அளவு. அந்த வேகம் 80 டெசிபலிலும் அதே வேகம்தான்.

இதைத்தான் மனேஜரிடம் போய்ச் சொன்னேன், ஓடியோகிராமையும் காட்டினேன். மரியாதையாகக் கேட்டார். அன்றைக்குக் குறைத்தார்கள். அரை மணித்தியாலத்தில் யாரோ கூட்டினார்கள். திரும்பச் சொன்னால், "மெம்பர்ஸ்தான் கேக்கிறாங்க சேர், சத்தம் இல்லாட்டி மூட் வராதாம்" என்றார். பக்கத்து ட்ரெட்மில் ஆட்களிடம் கேட்டுப் பார்த்தேன், பாதிப் பேர் சத்தம் கூடத்தான் என்றார்கள். மனேஜரிடம் வந்து சொல்ல ஒருவரும் தயாரில்லை. வயதான ஆள் என்று நினைத்துவிடுவார்களாம்.

என்னை அதிகம் உறுத்தியது அங்கே வேலை செய்த ஒரு பயிற்சியாளர்ப் பெடியன். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவன், இருபத்து நாலு வயது இருக்கும். மத்தியானம் தொடங்கி இரவு பத்து வரை அந்த ஸ்பீக்கருக்குக் கீழேதான் நிற்பான். ஒருநாள் கீழே கடையில் இரண்டு பேரும் பிளேன்ரீ குடித்தோம். கடைக்காரர் கேட்டதற்கெல்லாம் "ஆ?", நான் கேட்டதற்கும் "ஆ?". ஜிம்முக்குள் எல்லாரும் கத்துவதால் அது வெளியே தெரிவதில்லை. என் காது விஷயத்தைச் சொன்னேன். "எனக்கும் இருக்குண்ணே, ரெண்டு வருசமா. ராத்திரி போன்ல ஏதாச்சும் ஓடவிட்டுட்டுத்தான் தூங்குறது. பழகிருச்சு" என்றான். டொக்டரிடம் காட்டினாயா தம்பி என்று கேட்டேன். லீவு போட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை, சத்தத்தைப் பற்றி முறையிட்டால் வேலையே இல்லை. ஆஸ்திரேலியாவில் உடற்பயிற்சி வகுப்புகளை அளந்தபோது வேகமான வகுப்புகளில் 90 டெசிபலுக்கு மேல் போவதைக் கண்டார்கள், பயிற்றுநர்கள் வகுப்புக்கு வருகிறவர்களைவிடக் கூடிய சத்தத்தையே விரும்பினார்கள். ஏன் என்று அவனைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது போல இருந்தது. காது குறையக் குறைய, கை கூட்டும் பக்கம்தான் போகும்.

அடுத்த முறை பழைய சோனகர் தெருவில் ஹார்ட்வெயார் கடையில் தொழிற்சாலைக்காரர் போடும் ஃபோம் காதடைப்பான் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி. ஒரு சோடி பிளேன்ரீ விலைகூட வராது. அதைச் சும்மா காதில் செருகினால் வேலை செய்யாது. விரலால் உருட்டி மெல்லிசாக்க வேண்டும், மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கி இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் குரல் உங்களுக்கே உள்ளுக்குள் முழங்கினால் சரியாக இருக்கிறது. பெட்டியில் 30 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருந்தாலும் நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம், அதுவே போதும். பாட்டு இன்னும் கேட்கும், தாளமும் கேட்கும், மனிதர் கத்துவதுதான் குறையும், அது நட்டமில்லை.

ஆனால் ஏற்கெனவே கெட்ட காதோடு அங்கே தொடர எனக்குத் துணிவில்லை. பாதி வருடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது, காசைத் திருப்பிக் கேட்டேன். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்று சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில். இரண்டு மாதம் நிற்பாட்டி வைக்கலாம் என்றார்கள், இரண்டு மாதத்தில் எனக்குப் புதுக் காது முளைக்குமா. வாய்ப்பேச்சு இழுபட்டுக்கொண்டே போனது. கடைசியில் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்தேன். டொக்டரின் குறிப்பு, ஓடியோகிராம் பிரதி, நான் அளந்த அளவுகளின் படங்கள், சத்தத்தைக் குறைக்கக் கேட்டு அனுப்பிய வட்ஸ்அப் தகவல்கள் எல்லாம் இணைத்து, பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வேன் என்று எழுதினேன். அந்தச் சபையின் தொலைபேசி இலக்கம் 1977, பற்றுச்சீட்டுப் பிரதி கையில் இருந்தால்தான் முறைப்பாட்டுக்குப் பலம், அதனால் ஜிம் காசு கட்டிய துண்டை எறியாதீர்கள். கடிதம் போன பிறகுதான் குரல் மாறியது. காசு தர மாட்டார்கள், மிச்சக் காலத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தருவார்களாம். மச்சாளின் மகன் 20,000 ரூபாய் தந்து எடுத்துக்கொண்டான். கிட்டத்தட்டப் பாதி விலை. அவனுக்கும் ஒரு பிடி காதடைப்பான் கொடுத்துத்தான் அனுப்பினேன், போடுகிறானோ தெரியாது.

புது இடத்தில் சேரும்போது மாதக் காசுதான் கட்டினேன், வருடக் கழிவு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும். பெயர் மாற்றலாமா, இடையில் விட்டால் என்ன என்பதை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். சத்தத்தைக் கூட்டும் பொத்தான் யார் கையில் என்றும் கேட்டேன், கேள்வி விசித்திரமாக இருந்திருக்க வேண்டும், உரிமையாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தெஹிவளையில் ஒரு பழைய ஜிம், ஏசி இல்லை, மின்விசிறிதான், மெஷின்களில் துரு. பின்னேரம் ஆறரைக்கு அளந்தால் 78. மாதம் 5,000. கடல் தெரியாது.

ஆறு மாதத்தில் திரும்ப ஓடியோகிராம் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர், முதல் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பள்ளம் ஆழமாகிறதா நிற்கிறதா என்று தெரியுமாம். காது நன்றாக இருக்கும்போதே ஒன்று எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடுவதற்கு இன்னும் நல்லது என்றும் சொன்னார். பண்டாரவளைப் பெடியனையும் அடுத்த மாதம் என்னோடு கூட்டிப்போகப் பார்க்கிறேன். அவனுக்குச் செவ்வாய்தான் லீவு, டொக்டர் இருப்பது வியாழன்.